மாமியின் ஒற்றை விரல்

என் மாமியார் எதையும் கண்ணால் பார்த்து நம்பியவர் அல்ல. ஆட்டிப் பார்த்துத்தான் நம்புவார். கதிரையில் இருப்பதற்கு முன் அதன் முதுகைப் பிடித்து ஓர் ஆட்டு. கதவைத் திறப்பதற்கு முன் நிலையைப் பிடித்து ஓர் ஆட்டு. தேங்காய் வாங்கப் போனால் எல்லோரும் காயைக் காதருகே வைத்து ஆட்டுவார்கள். மாமி காயை ஆட்டிவிட்டு, அது அடுக்கியிருந்த பலகையையும் ஆட்டிவிட்டு வருவார். பெரும்பாலும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றே அதற்குப் போதும். பொருள் அசைந்தால் "ஆடுது" என்பார். அசையாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அப்படிப் பேசாமல் போவதுதான் அவர் கொடுக்கும் நற்சான்றிதழ்.

கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. நான் என் கையால் செய்த ஏதாவது ஒன்றில் மாமி விரலை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போக வேண்டும். அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய்ச் சேருவான். நான் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வவுணதீவு வயல்களுக்கு நடுவில் பிறந்தவன். வந்து சேர்ந்தது எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் பெரியகல்லாற்றில். வீடு மனைவியுடையது, வளவு மனைவியுடையது, கிணறும் மனைவியுடையது. என்னுடையது என்று சொல்ல ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதையும் முதல் நாளே விரலால் தொட்டுவிட்டு, "பின்சில்லு ஆடுது" என்றார்.

அதற்கு முன்பே ஒருமுறை நான் சோதனைக்கு உள்ளாகியிருந்தேன். மாப்பிள்ளை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சேட்டும் நானுமாகக் கதிரையில் விறைத்துப்போய் இருந்தேன். பின்னால் வந்த மாமி, என்னோடு சேர்த்து அந்தக் கதிரையை ஓர் ஆட்டு ஆட்டி, "ஆடுது" என்றார். என் அம்மா ஓடிப்போய் வேறு கதிரை கொண்டுவந்தார். நான் எழுந்து அதில் இருந்தேன். மாமி அதையும் ஆட்டினார். "இதுவும் ஆடுது" என்றார். அம்மா மூன்றாவது கதிரைக்குப் போகவில்லை. இரண்டு கதிரைக்கும் பொதுவாக இருந்தது நான்தான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

கடல் வந்து பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு, ஒரு நிறுவனம் இவர்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்ததாம். கையளிக்கிற நாளில் மாலையும் ஒலிபெருக்கியும் பொறியியலாளருமாக நின்றபோது, மாமி சாவியை வாங்கவில்லை. நேரே யன்னலடிக்குப் போய்ச் சட்டத்தில் விரலை வைத்தார். "தம்பி, இது ஆடுது" என்றார் பொறியியலாளரிடம். அவர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. மேசன் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சீமெந்து குழைத்துப் பூசும்வரை, வந்தவர்கள் எல்லோரும் வெயிலில் கையில் சோடாப் போத்தலோடு நின்றார்களாம்.

இந்தக் கதையைக் கேட்டதும் நான் ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். அலையில் எல்லாம் இடிந்து விழுந்ததைப் பார்த்த மனம், அதனால்தான் எதையும் நம்ப மறுக்கிறது. நான் வேலை செய்யும் கந்தோரில் இதைச் சொன்னபோது இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். ஒருவருக்குக் கண் கலங்கியது. அந்தத் தைரியத்தில் ஒருநாள் மாமியிடமே சொன்னேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பிடி ஒண்டுமில்ல மகன்," என்றார். "நான் சின்னப்பிள்ளையிலயும் இப்பிடித்தான். அம்மாட்ட எவ்வளவு அடி வாங்கியிரிக்கன் தெரியுமா?"

அதோடு என் தத்துவம் முடிந்தது. கந்தோரில் மட்டும் நான் அதைத் திருத்தவில்லை.

பெட்ரோல் கிடைக்காமல் நாடு வரிசையில் நின்ற காலத்தில் எங்களுக்குக் கந்தோர் வாரத்துக்கு இரண்டு நாள் என்றார்கள். மீதி ஐந்து நாளும் நான் வீட்டில் இருந்து, தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் மரத்தில் வில் செய்யும் வீடியோக்களைப் பார்த்தேன். அவர் பேசுவதே இல்லை. காட்டுக்குள் போய் ஒரு தடியை வெட்டுவார், சீவுவார், அது வில்லாகிவிடும். பார்க்கப் பார்க்க எனக்குக் கை ஊறியது. பேனாவைவிடப் பாரமானது எதையும் தூக்கிப் பழகாத கை அது.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் வடமோடிக் கூத்துப் பழக்கினார்கள். மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, அருச்சுனன் வேடம். கூத்துப் பெட்டியைத் திறந்தால் பழைய வில்லைச் செல் அரித்திருந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "வில்லுக்கு என்ன செய்யப்போறம்?" என்று கவலைப்பட்டார்.

"நான் செய்து தாறன்," என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். மச்சான் தன் அக்காவைப் பார்த்தான். மாமி மெதுவாக எழுந்து வந்து, நான் இருந்த கதிரையின் முதுகில் விரலை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் விரலை எடுக்கவும் இல்லை.

வில் செய்ய முதலில் ஒரு வேலை மேசை வேண்டும். தடியை அதில் இறுக்கிப் பிடித்துவிட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியைத் தன் பக்கமாக இழுத்து இழுத்துச் சீவ வேண்டும். வெள்ளைக்காரர் தன் மேசையைப் பழைய சாமான்களில்தான் செய்திருந்தார். பழைய சாமானுக்கா எங்களிடம் பஞ்சம்? வாவிக்கரையில் சிதைந்து கிடந்த தோணியொன்றின் மூன்று பலகைகளை உடையவரிடம் கேட்டு எடுத்துவந்தேன். உடைந்த தொலைக்காட்சி மேசையின் நான்கு கால்கள் வீட்டில் கிடந்தன. தடியைப் பிடிக்க இரண்டு மரக்கட்டையும் ஓர் ஆப்பும் போதும். வழுக்காமல் இருக்க மோட்டார் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினேன். காத்தான்குடியில் பழைய இரும்புக்கடை ஒன்றில் அந்தக் கத்தியும் அகப்பட்டது. கடைக்காரர், "இது என்னத்துக்கு மச்சான்?" என்று கேட்டார். "வில்லுச் செய்ய" என்றேன். கத்தியைத் தருவதற்கு முன் என்னை இன்னொருமுறை பார்த்தார்.

கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையில், ஜாம் மர நிழலில் மேசையை நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போட்டேன். நாற்பது பேர் கைதட்டினார்கள். நாற்பத்தோராவது ஆளாக மாமி வந்தார். ஒற்றை விரல்.

"ஆடுது."

தேங்காய்ச் சிரட்டைத் துண்டொன்றைக் காலுக்குக் கீழே செருகினேன். "இப்ப மற்றக் கால் ஆடுது" என்றார். அதற்கும் செருகினேன். கடைசியில் நான்கு காலும் சிரட்டையில் நிற்க, மேசை முன்னைவிட நன்றாக ஆடியது.

ஆடினால் ஆடட்டும் என்று கமுகந்தடி ஒன்றை அதில் இறுக்கிவிட்டுக் கத்தியை இழுத்தேன். மேசை என்னோடு வந்தது. இன்னொரு இழுவை இழுத்தேன், அதுவும் இன்னோர் அடி எடுத்து வைத்தது. கடற்கரை மணலில் எதுதான் ஓரிடத்தில் நிற்கும்? ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் இருவரும் ஜாம் மரத்தடியிலிருந்து கிணற்றடிவரை போயிருந்தோம். தடியில் ஒரு சுருள்தான் சீவியிருந்தேன். வேலிக்கு அப்பால் இரண்டு தலைகள் தெரிந்தன.

"மேசையார் இண்டைக்கு எவடத்துக்குப் போறாராம்?" என்று மாமி குசினிக்குள் இருந்து கேட்டார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்கட ஊரில கிடங்கு வெட்டித்தான் கம்பு நடுவம் மாமி. கல்லுப் போட்டு இடிச்சா யானை வந்தாலும் அசையாது," என்றேன். எங்கள் ஊர் வயல் மண் காய்ந்தால் பாறை மாதிரி. அதை மறந்துபோய் மணலில் மண்வெட்டியைப் போட்டேன். ஒரு சாண் தோண்டினால் இரண்டு சாண் சரிந்தது. மத்தியானத்துக்குள் நான்கு கிடங்கும் ஒன்றாகி, மனைவி, "குளிக்கவா வெட்டினீங்க?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. எப்படியோ கல்லைப் போட்டு இடித்து மேசையை நிறுத்தினேன். மறுநாள் காலை அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல்லுக் கொதியில் கன்னத்தைப் பிடித்தவனைப் போல நின்றது. தொலைக்காட்சி மேசையின் கால்கள் ஈரத்தில் ஊதி, தேத்தண்ணியில் தோய்த்த பாணைப்போல் பிய்ந்து வந்தன.

அன்று நான் கத்தியைச் சாக்கில் சுற்றினேன். அண்ணாவியாரிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமி வந்தார். பலகையைக் கழற்றச் சொன்னார். பிறகு கோழிக்கூட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், ஓலைக்குக் கீழே கிடந்த ஒரு பழைய கதவு நிலையைக் காட்டினார். பாலை மரம். அலை வந்த நாளில் பழைய வீட்டின் சுவரெல்லாம் விழுந்த பிறகும் அந்த நிலை மட்டும் நின்றது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அத்தனை வருடமும் அதை யாரும் தொட அவர் விட்டதில்லை.

"இத வெட்டிக் காலா வையுங்க."

"வேணாம் மாமி. இது உங்கட..."

"சும்மா கிடந்து என்ன செய்யப்போகுது? நிண்டு பழகின மரம். நிக்கட்டும்."

இரண்டு நிமிர்ந்த கட்டைகளையும் பாதியாக அறுத்து நான்கு கால் எடுத்தோம். மாமி கிடங்கைத் தூர்க்கச் சொன்னார். தண்ணீர் அள்ளிக் கொண்டுவரச் சொன்னார். முதல் காலை மணலில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டத் தொடங்கினார்.

"ஊத்துங்க."

ஊற்றினேன். மணல் குழைந்தது. அவர் ஆட்ட ஆட்ட, கால் விரற்கடை விரற்கடையாகக் கீழே போனது. இடிக்கவும் இல்லை, குத்தவும் இல்லை. ஒரு சாணுக்கு மேல் இறங்கியதும் நின்றுவிட்டது.

"எங்க அப்பா ஆத்துக்குள்ள வலை கட்டக் கம்பு இறக்கிறது இப்பிடித்தான்," என்றார். வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். "அடிச்சா ஏறாது மகன். ஆட்டினாத்தான் இறங்கும். நான்தான் தோணியில போய் ஒவ்வொண்டா ஆட்டிப் பாக்கிற. ஆடுறத திரும்ப இறக்கிற. இல்லாட்டி காத்துக்கு வலையோட போயிரும்."

நான் வாளியோடு நின்றேன். ஒன்பது வருடமாக அந்த விரலைக் கண்டு பயந்திருக்கிறேன். அது குற்றம் பிடிக்கிற விரல் என்று நினைத்திருந்தேன். திரும்ப இறக்குவதற்காகத்தான் அது தேடிக்கொண்டு திரிந்திருக்கிறது. நான் ஒரு மடையன், கந்தோரில் தத்துவமும் பேசியிருக்கிறேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"பாத்துக்கொண்டு நிக்காம மற்றத நீங்க ஆட்டுங்க," என்றார்.

மற்ற மூன்றையும் நான்தான் இறக்கினேன். கடைசிக் காலில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. கால்களின் தலைகளை மட்டம் பார்த்து அறுத்து, தோணிப் பலகையை மேலே வைத்து அடித்தேன். இரண்டு நாளில் மணல் இறுகிவிட்டது. கத்தியை இழுத்தேன். நான்தான் வந்தேன், மேசை வரவில்லை. ஓடிப்போய் மாமியைக் கூப்பிட்டேன்.

"ஒருக்கா ஆட்டிப் பாருங்க மாமி."

"நான் இறக்கினத நானே ஆட்டிப் பாக்கிறதா?" என்றார். "அது முறையில்ல."

"ஒரு கால்தானே மாமி நீங்க இறக்கின? மற்ற மூண்டும் நான்."

"ஒரு கால் எண்டாலும்தான்." உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

ஆகவே என் நற்சான்றிதழ் வில்லில்தான் கிடைக்க வேண்டும் என்றாகிவிட்டது. பத்து நாள் சீவினேன். அரத்தால் அராவினேன். மண்கடதாசியால் தேய்த்தேன். உள்ளும் புறமும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக ஒரு வில் வந்தது. மாமியிடம் நீட்டினேன். அவர் இரண்டு நுனியையும் பிடித்து மெல்ல வளைத்தார். பிறகு முதுகுப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"வெளித்தோலச் சீவிப்போட்டீங்களா?"

"வடிவா இரிக்கட்டும் எண்டுதான்..."

"கமுகுக்கு வைரம் வெளியிலதானே மகன். உள்ளுக்க வெறும் சோத்தி, பஞ்சு மாதிரி."

இதை வெள்ளைக்காரரும் காட்டியிருப்பார். டேட்டா முடிந்துபோனதால் அந்த வீடியோவின் கடைசிப் பகுதியை நான் பார்க்கவில்லை. மாமி வில்லைத் திருப்பித் தந்தார். ஆடுது என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஞாயிறு பின்னேரம் கோயிலடியில் ஒத்திகை. அருச்சுனன் ஒரு சுற்று ஆடிவந்து நாணை இழுத்தான். பட்டென்று ஒரு சத்தம். வில் இரண்டாகி, ஒரு பாதி மத்தளக்காரரின் மடியில் விழுந்தது. அருச்சுனன், "அத்தான்..." என்று மட்டும் சொன்னான். அண்ணாவியார் மிகவும் மரியாதையாக, "பரவாயில்ல தம்பி, தகடு அடிச்சுச் செய்வம்" என்றார். கூத்து அரங்கேறியபோது அருச்சுனன் பிடித்திருந்தது பலகையில் வெட்டித் தகடு அடித்த வில். தூரத்தில் இருந்து பார்க்க நல்லாகத்தான் இருந்தது.

நான் வேறு வில் செய்யவில்லை. மேசை மட்டும் நின்றது. அதைப் பிடுங்க யாராலும் முடியவில்லை. மனைவி அதில் மிளகாய் காயவைத்தாள். மாமி மீன் வெட்டினார். அதற்கு வில்லு மேசை என்றே பெயர் விழுந்துவிட்டது. "வில்லு மேசையில வைச்சிரிக்கன், எடுங்க" என்பது வீட்டில் சாதாரண பேச்சாயிற்று. ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுட்டது.

அடுத்த வருடம் ஒருநாள் மாமி தேங்காயைக் காதடியில் வைத்து ஆட்டினார். பிறகு கையை இறக்கினார். கை நிற்கவில்லை. தேங்காயைக் கீழே வைத்த பிறகும் அது ஆடிக்கொண்டே இருந்தது. மட்டக்களப்பில் காட்டினோம். நரம்புக் குளிசை கொடுத்தார்கள். அந்த நடுக்கம் குறையும், பிறகு கூடும்.

கொஞ்ச நாள் அவர் வழக்கம்போல் எல்லாவற்றையும் தொட்டார். தொட்டதெல்லாம் ஆடியது. "அலுமாரி ஆடுது" என்றார். ஆடாத அலுமாரிக்கு மச்சான் ஒரு தச்சரைக் கூட்டிவந்தான். "கட்டில் ஆடுது" என்றார். அதையும் இறுக்கினோம். புதுக் கதிரை வாங்கினோம், அதுவும் ஆடியது. ஒருநாள் சுவரில் விரலை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். சுவர் ஆடாது என்பது அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து எதையும் தொடுவதை நிறுத்திவிட்டார். கதிரையைக் கொடுத்தால் ஆட்டிப் பார்க்காமலே அதில் இருந்தார். நான் யன்னல் கொளுக்கி ஒன்றைக் கோணலாக அடித்தேன், வேண்டுமென்றேதான். அதைக் கடந்து போனார், பார்க்கக்கூட இல்லை. அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு பயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஒரு காலை நான் ஜாம் மரத்தடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். மாமி கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தார். பாதி வழியில் நின்று, விழாமல் இருக்க மேசை விளிம்பைப் பிடித்தார். இரண்டு கையும் பலகையில் நடுங்கின. நான் ஓடிப்போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மூச்சு வந்ததும் இடக்கையை எடுத்தார். வலக்கையில் நான்கு விரலை மடக்கி, சுட்டுவிரலை மட்டும் பலகையில் வைத்தார். விரல் ஆடியது. அவர் விரலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கீழே மணலுக்குள் இறங்கியிருந்த கால்களைப் பார்த்தார்.

"மேசை ஆடல்ல மகன்," என்றார். "நாந்தான் ஆடுறன்."

பத்து வருடத்துக்கு மேலாக நான் காத்திருந்த நற்சான்றிதழின் முதல் பாதி அது. அந்தப் பாதியைத் திருப்பிக் கொடுத்து, மற்றப் பாதியை இல்லாமலாக்க முடியுமானால், அந்த மேசையைக் கொத்தி விறகாக்கியிருப்பேன். வாயில் நுரையோடு, எனக்கு எப்போதும் இலகுவாக வருவது எதுவோ அதைத்தான் சொன்னேன்.

"இல்ல மாமி. மேசைதான் ஆடுது. நான் செய்தது எப்ப ஒழுங்கா நிண்டது?"

நான் வீட்டுக்குள் போய்ச் சுத்தியலும் ஆப்பும் கொண்டுவந்து, மணலில் முழங்காலிட்டு, ஒன்றும் தேவைப்படாத அந்தப் பாலைக் காலில் நாலு தட்டுத் தட்டினேன். "இப்ப பாருங்க," என்றேன்.

மாமி என்னை நன்றாகப் பார்த்தார். கதிரையில் விறைத்து இருந்த மாப்பிள்ளையைப் பார்த்த அதே பார்வை. பிறகு நடுங்கும் விரலைப் பலகையில் வைத்தார்.

"ஓம்," என்றார். "இன்னும் ஆடுது."

அதன் பிறகு அவர் இருந்த ஏழு மாதமும், ஒவ்வொரு காலையும் அந்த மேசை ஆடியது. ஒவ்வொரு காலையும் நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன்.